வாசகர் கேள்வி–பதில்: புற்றுநோய்ச் செல்லில் மூடிய மரபணுக்களைத் திறக்கும் மருந்துகள்

சென்ற இதழில் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை பற்றி வெளிவந்த கட்டுரையில், மரபணுவின் எழுத்தை மாற்றாமல் அது படிக்கப்படுவதை மட்டும் மாற்றும் எபிஜெனெடிக் மருந்துகள் என்றொரு வகை உண்டு என்பது ஒரே வரியில் சொல்லப்பட்டிருந்தது. இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு வரியைப் பற்றியவை என்பதால், இந்த இதழின் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். பரிசோதனை அறிக்கைகளை இணைத்து அனுப்பியவர்களுக்கு இங்கே தனித்தனியாகக் கருத்துச் சொல்வது முறையாகாது. அவர்கள் தங்களுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடமே கேட்டுத் தெளிவு பெற வேண்டுகிறோம்.

கேள்வி: என் தந்தைக்கு வயது 71. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் சரியாக முதிராத எம்.டி.எஸ். என்னும் கோளாறு இருப்பதாகக் கண்டறிந்து, அசாசைடிடின் என்ற ஊசியைப் பரிந்துரைத்திருக்கிறார்கள். இது வழக்கமான கீமோதெரபி அல்ல, மரபணுவைச் சரிசெய்யும் மருந்து என்று சொல்கிறார்கள். மரபணுவை மருந்தால் மாற்ற முடியுமா? மாற்றினால் ஆபத்தில்லையா?
— வாசகர் ஒருவர், மதுரை

பதில்: தங்கள் தந்தைக்குத் தரப்படும் மருந்து மரபணுவில் எழுதப்பட்டுள்ள செய்தியைத் திருத்துவதில்லை. அந்தச் செய்தி படிக்கப்படுகிறதா இல்லையா என்பதைத்தான் அது மாற்றுகிறது. நம் உடலின் கல்லீரல் செல்லிலும் தோல் செல்லிலும் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். ஆனால் கல்லீரலில் படிக்கப்படும் மரபணுக்கள் வேறு, தோலில் படிக்கப்படுபவை வேறு. ஒரு செல்லின் டி.என்.ஏ.வை நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளம் வரும். அது ஹிஸ்டோன் எனப்படும் புரதங்களின் மேல், எட்டு ஹிஸ்டோன் கொண்ட ஒரு தொகுதிக்கு 147 எழுத்து இணைகள் என்ற கணக்கில் சுற்றப்பட்டிருக்கிறது. நெகிழ்ந்து கிடக்கும் பகுதியில் உள்ள மரபணு படிக்கப்படும், இறுகிக் கிடக்கும் பகுதியில் உள்ளது படிக்கப்படாது. எந்தப் பகுதி இறுக வேண்டும், எது நெகிழ வேண்டும் என்பதைச் செல் சில வேதியியல் குறிகளால் தீர்மானிக்கிறது.

அக்குறிகளில் முதன்மையானது மெத்தில். டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் ஒன்றாகிய சைட்டோசின், குவானினுக்கு முன்னால் நிற்கும் இடங்களில், அதன் மீது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் கொண்ட இந்தச் சிறு கூட்டம் ஒட்டிக்கொள்கிறது. இத்தகைய இடங்கள் ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் நெருக்கமாக இருந்தால், நலமான செல்லில் அவை பெரும்பாலும் மெத்தில் இல்லாமல் வெறுமையாகவே இருக்கும். அங்கே மெத்தில் குவிந்துவிட்டால் அந்த மரபணு பேசாமல் போய்விடும். புற்றுநோய்ச் செல்லில் இரண்டு விபரீதங்கள் ஒருங்கே நடக்கின்றன. டி.என்.ஏ. முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் மெத்தில் குறைகிறது. இதை 1983-ல் ஆண்ட்ரூ ஃபைன்பெர்க்கும் பெர்ட் வோகல்ஸ்டைனும் காட்டினார்கள். அதே செல்லில், பெருக்கத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களின் தொடக்கப் பகுதியில் மட்டும் மெத்தில் அளவுக்கு மீறிச் சேர்கிறது. எம்.டி.எஸ். நோயாளிகள் பலரிடம், செல் பிரிவதைத் தடுத்து நிறுத்தும் பி15 என்ற மரபணு இவ்வாறு மூடப்பட்டிருக்கிறது. எழுத்து சிதையாமல் அப்படியே இருக்கிறது, படிக்கத்தான் வழியில்லை. எழுத்தே சிதைந்திருந்தால் மருந்தால் செய்யக்கூடியது குறைவு. எழுத்து இருந்தும் படிக்கப்படாமல் கிடக்கிறது என்றால், அதைத் திரும்பப் படிக்க வைக்க முயலலாம் என்பதே இந்த மருந்துகளின் அடிப்படை நம்பிக்கை.

"கீமோதெரபி அல்ல" என்று தங்களிடம் சொன்னது பாதி உண்மை. மிகுந்த அளவில் கொடுத்தால் இதுவும் செல்லைக் கொல்லும் மருந்தே. குறைந்த அளவில் கொடுத்தாலும் முதல் இரண்டு மூன்று சுழற்சிகளில் (சில நாட்கள் ஊசி, பிறகு இடைவெளி என்பது ஒரு சுழற்சி) வெள்ளணுக்களும் பிளேட்லெட்டுகளும் குறைந்து, காய்ச்சல், கிருமித்தொற்று, ரத்தக்கசிவு ஆகியவை வரக்கூடும். மருந்து பலிக்கத் தொடங்குவதற்கு முன்பே இந்தச் சரிவு வருவதால், பல குடும்பங்கள் "உடம்பு மோசமாகிறது" என்று பயந்து பாதியில் நிறுத்திவிடுகின்றன. அளவைக் குறைப்பதும், அடுத்த சுழற்சியைத் தள்ளிப்போடுவதும், முழுவதும் நிறுத்துவதும் மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவுகள். பலன் இருக்கிறதா என்று பார்க்கக் குறைந்தது 4 முதல் 6 சுழற்சிகளாவது கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பது மருந்தின் குறிப்பிலேயே உள்ள வழிகாட்டுதல்.

பலனின் அளவையும் நேராகச் சொல்லிவிடுவது நல்லது. தீவிர வகை எம்.டி.எஸ். உள்ள 358 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2009-ல் வெளியான ஆய்வில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம்) 15 மாதங்களாகவும், அசாசைடிடின் பெற்றவர்களுடையது 24.5 மாதங்களாகவும் இருந்தது. இது நோயை வேரோடு நீக்கும் மருந்தல்ல. ஆனால் ரத்தம் ஏற்ற மருத்துவமனைக்குப் போகும் நாட்களைக் குறைத்து, நோய் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோயாக மாறுவதைத் தள்ளிப்போடும் ஆற்றல் அதற்கு உண்டு.

கேள்வி: உயிர்வேதியியல் முதுகலை படிக்கிறேன். அசாசைடிடின், டெசிடபின் இரண்டும் மெத்திலைச் சேர்க்கும் நொதியைத் தடுக்கின்றன என்று பாடத்தில் ஒரு வரி மட்டும் வருகிறது. எப்படித் தடுக்கின்றன? குறைந்த அளவே நல்லது என்பது எப்படித் தெரிந்தது?
— வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: தங்கள் கேள்விக்கு விடை சொல்ல 1964-ஆம் ஆண்டின் பிராகுக்குப் போக வேண்டும். அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் அலோயிஸ் பிஸ்கலா, ஃபிராண்டிஷெக் ஷோர்ம் முதலிய வேதியியலாளர்கள் இவ்விரு மூலக்கூறுகளையும் உருவாக்கினார்கள். அவர்களுடைய நோக்கம் எபிஜெனெடிக்ஸ் அல்ல. டி.என்.ஏ.வின் எழுத்தைப் போலவே தோற்றமளித்து, செல்லுக்குள் புகுந்து அதைக் கெடுக்கும் போலி எழுத்து ஒன்று வேண்டும் என்பதே அக்காலத்துப் புற்றுநோய் மருந்தியலின் வழி. சைட்டோசினின் வளையத்தில் ஐந்தாம் இடத்தில் கார்பன் இருக்கும். அதை எடுத்துவிட்டு நைட்ரஜனை வைத்தார்கள். செய்த மாற்றம் அவ்வளவே. ஆனால் மெத்தில் வந்து ஒட்டும் இடமும் அதே ஐந்தாம் இடம்தான் என்பதில் இந்த மருந்தின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது.

டி.என்.எம்.டி.1 என்ற நொதி மெத்தில் சேர்க்கும் முறையைப் பாருங்கள். முதலில் அது சைட்டோசினின் ஆறாம் இடத்தில் தன்னைப் பிணைத்துக்கொள்கிறது. பிறகு ஐந்தாம் இடத்தில் மெத்திலை ஒட்டவைக்கிறது. கடைசியில் அந்த ஐந்தாம் இடத்திலிருந்து ஒரு ஹைட்ரஜனை அகற்றி, பிணைப்பை விடுவித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகிறது. போலி எழுத்தில் ஐந்தாம் இடத்தில் இருப்பது நைட்ரஜன் என்பதால், நொதி பிணைகிறது, ஆனால் விடுபட முடியவில்லை. டி.என்.ஏ.வோடு ஒட்டியபடியே மாட்டிக்கொண்ட அந்த நொதியைச் செல் சிதைத்து அகற்றிவிடுகிறது. ஆகவே மருந்து நொதியின் வேலையைத் தற்காலிகமாக மறிப்பதோடு நிற்காமல், செல்லில் அந்த நொதியின் இருப்பையே குறைத்துவிடுகிறது. மற்ற தடுப்பு மருந்துகளிலிருந்து இதை வேறுபடுத்தும் கூறு இது. தேர்வில் எழுதும்போது இதை விட்டுவிடாதீர்கள்.

நொதி குறைந்தவுடன் பழைய மெத்தில்கள் உதிர்ந்துவிடுவதில்லை. செல் ஒருமுறை பிரியும்போது, பழைய இழை தன் மெத்திலோடு இருக்க, புதிதாக உருவாகும் இழை வெறுமையாக நிற்கிறது. வழக்கமாக டி.என்.எம்.டி.1 உடனே வந்து பழைய இழையைப் பார்த்துப் புதியதில் மெத்திலைப் படியெடுத்துவிடும். நொதி இல்லாதபோது அந்த வெறுமை அப்படியே தங்கி, அடுத்த பிரிதலில் இரு இழைகளும் வெறுமையான செல்கள் பிறக்கின்றன. ஆகவே இந்த மருந்துக்குப் பல தலைமுறைச் செல் பிரிதல் வேண்டும். மருந்து டி.என்.ஏ.வுக்குள் நுழைவதும் டி.என்.ஏ. நகலெடுக்கப்படும் கட்டத்தில்தான். பிரியாமல் உறங்கும் செல்லின் மெத்திலை அது தொடுவதே இல்லை. பலன் தெரிய ஏன் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதற்கான விடையும் இதுவே.

இரண்டு மருந்துகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. டெசிடபின் நேரே டி.என்.ஏ.வுக்குள் போகிறது. அசாசைடிடினின் பெரும்பகுதி, மரபணுவின் செய்தியைப் புரத உற்பத்திக்கு எடுத்துச் செல்லும் ஆர்.என்.ஏ.வுக்குள் போய் புரத உற்பத்தியைக் குலைக்கிறது; ஒரு சிறுபகுதி மட்டும் செல்லுக்குள் உருமாறி டி.என்.ஏ.வைச் சேர்கிறது.

இனி அளவைப் பற்றி. இவை மிகுந்த அளவில் வழக்கமான நச்சு மருந்துகளாகவே முதலில் பயன்படுத்தப்பட்டன. பக்கவிளைவுகள் கடுமையாக இருந்ததால் அவ்வழியில் நிலைபெறவில்லை. போக்கை மாற்றியது ஓர் எதிர்பாராத கண்டுபிடிப்பு. பீட்டர் ஜோன்ஸ் என்பவரும் உடனிருந்தவர்களும் எலிக் கருவிலிருந்து எடுத்து வளர்த்த சாதாரணச் செல்களுக்கு அசாசைடிடினைக் கொடுத்தபோது, சில நாட்கள் கழித்துக் கண்ணாடித் தட்டில் தசைச் செல்கள் தோன்றித் துடித்தன. 1977-ல் இது வெளியானது. ஒரு நச்சு மருந்து செல்லைக் கொல்லாமல் அதன் இனத்தையே மாற்றியது எப்படி என்ற கேள்விக்கு, 1980-ல் ஜோன்ஸும் ஷெர்லி டெய்லரும் விடை தந்தார்கள்: மருந்து மெத்திலைக் குறைத்து, அதுவரை மூடியிருந்த மரபணுக்களைத் திறந்திருக்கிறது. அந்தச் செல்களைத் தசையாக்கிய மரபணுவைத் தேடிப் போன ஹரோல்ட் வைன்ட்ராப்பின் ஆய்வகம் 1987-ல் மையோ-டி என்ற மரபணுவைக் கண்டெடுத்ததும் இந்த வழியில்தான்.

மருத்துவமனைகளில் இந்தப் பாடம் செயலுக்கு வர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. அசாசைடிடினுக்கு 2004-லும் டெசிடபினுக்கு 2006-லும் அமெரிக்காவில் எம்.டி.எஸ். நோய்க்கான அனுமதி கிடைத்தது. டெசிடபினைப் படிப்படியாகக் கூட்டிக் கொடுத்துப் பார்த்து 2004-ல் ஜான்-பியர் இஸ்ஸா குழுவினர் வெளியிட்ட ஆய்வில், உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 15 மில்லிகிராம் அளவில் 10 நாட்கள் கொடுத்தபோது பலன் மிகுதியாக இருந்தது. அளவை ஏற்றியபோதும் நாட்களை நீட்டியபோதும் பலன் குறைந்தது. கூடுதல் அளவில் செல் இறந்துவிடுகிறது. இறந்த செல்லில் எந்த மரபணுவையும் திறந்து பயனில்லை. இன்று அசாசைடிடின் சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம் வீதம் 7 நாட்களும், டெசிடபின் 20 மில்லிகிராம் வீதம் 5 நாட்களும், 28 நாட்களுக்கு ஒருமுறை கொடுக்கப்படுகின்றன. டெசிடபின் பெற்ற நோயாளிகளின் ரத்தத்தில் அளந்தபோது, சுழற்சியின் நடுவில் மெத்தில் அளவு அடிமட்டத்துக்கு இறங்கி, அடுத்த சுழற்சி தொடங்கும் முன் மறுபடி ஏறிவிடுவது தெரிந்தது. செல் தன் பழைய குறிகளைத் திரும்ப எழுதிக்கொள்கிறது. எனவே இந்தத் திறப்பு நிலையானதல்ல. மருந்தை நிறுத்தினால் பலனும் பெரும்பாலும் நின்றுவிடுகிறது.

கேள்வி: செய்தித்தாள்களில் இவற்றை "மரபணுவின் சுவிட்சைப் போடும் மருந்து" என்று எழுதுகிறார்கள். தேவையான மரபணுவை மட்டும் அது திறக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? புற்றுநோயை வளர்க்கும் மரபணுவும் திறந்துகொள்ளாதா?
— வாசகர் ஒருவர், புதுச்சேரி

பதில்: எந்த உத்தரவாதமும் இல்லை. சுவிட்ச் என்ற உவமையில் எனக்கு உடன்பாடு இல்லாததற்குக் காரணம் இதுவே. சுவிட்சைப் போட்டால் குறிப்பிட்ட ஒரு விளக்கு எரியும். இம்மருந்துகளோ டி.என்.ஏ. முழுவதிலும் உள்ள மெத்திலைப் பொதுவாகக் குறைக்கின்றன. எந்த இடத்தில் குறைக்க வேண்டும் என்று தேர்ந்தெடுக்க அவற்றால் இயலாது.

அப்படியானால் எல்லா மரபணுக்களும் ஒரே நேரத்தில் விழித்துக்கொள்ள வேண்டுமே என்று கேட்கலாம். அவ்வாறு நடப்பதில்லை. மெத்தில் நீங்குவதால் தடை மட்டுமே நீங்குகிறது. மரபணு படிக்கப்பட வேண்டுமானால் அதைப் படிக்க வைக்கும் புரதங்களும் அந்தச் செல்லில் இருக்க வேண்டும். ரத்தச் செல்லில் கல்லீரலுக்குரிய அந்தப் புரதங்கள் இல்லை. ஆகவே கல்லீரலுக்குரிய மரபணு மெத்தில் நீங்கினாலும் அங்கே பேசாமலேயே இருக்கும். மேலும், ஒரு புற்றுநோய்ச் செல்லை வளர்த்துக்கொண்டிருக்கும் மரபணுக்கள் ஏற்கெனவே திறந்துதான் இருக்கின்றன. மருந்து புதிதாகத் திறக்க அங்கே அதிகம் இல்லை.

ஆனாலும் தங்கள் அச்சம் ஆதாரமற்றதல்ல. டி.என்.எம்.டி.1 நொதி இயல்பில் பத்தில் ஒரு பங்கே உருவாகும்படி மாற்றப்பட்ட எலிகளுக்குச் சில மாதங்களிலேயே டி-செல் லிம்போமா என்ற வெள்ளணுப் புற்றுநோய் வந்ததாக, ருடால்ஃப் ஜேனிஷின் ஆய்வகம் 2003-ல் காட்டியது. மெத்தில் மிகக் குறைந்தால் குரோமோசோம்களின் உறுதியும் குலைகிறது. தீவிர எம்.டி.எஸ். உள்ள எழுபது வயதுக்காரருக்கு இந்த நீண்டகால ஆபத்து, அருகில் நிற்கும் ஆபத்தோடு ஒப்பிட்டால் சிறியது. இதையே நலமாக இருப்பவருக்கு நோய்த்தடுப்பாகக் கொடுக்கலாமா என்று கேட்டால், கூடாது என்பதே என் திட்டமான கருத்து.

2015-ல் வந்த ஒரு திருப்பத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நம் டி.என்.ஏ.வில் ஏறத்தாழ 8 விழுக்காடு, பெரும்பாலும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னரே நம் மூதாதையரின் செல்களுக்குள் நுழைந்து தங்கிவிட்ட ரெட்ரோவைரஸ்களின் எச்சம். அவை பெரும்பாலும் மெத்திலால் மூடப்பட்டுக் கிடக்கின்றன. டொரண்டோவில் டேனியல் டி கார்வால்யோவின் குழுவும், பால்டிமோரில் ஸ்டீஃபன் பேலினின் குழுவும் ஒரே காலத்தில் காட்டியது இது: மருந்து இந்த எச்சங்களைத் திறந்துவிட, அவற்றிலிருந்து இரட்டை இழை ஆர்.என்.ஏ. உருவாகிறது, செல், தன்னை வைரஸ் தாக்கிவிட்டதாகக் கருதி இன்டர்ஃபெரான் அபாய அறிவிப்பைத் தொடங்கிவிடுகிறது. உண்மையில் அங்கே தொற்று எதுவும் இல்லை. இருந்தாலும் அந்த அறிவிப்பால் புற்றுநோய்ச் செல் தன் பெருக்கத்தைக் குறைத்துக்கொள்வதோடு, நோய் எதிர்ப்பு மண்டலத்தின் கண்ணிலும் படுகிறது. மூடிய நல்ல மரபணு திறந்ததால் நோயாளி தேறினார் என்று முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வந்த விளக்கம், இதன் பிறகு தனியாக நிற்க முடியாமல் போயிற்று. இந்த மரபணு திறந்ததால்தான் பலன் என்று சுட்டிக்காட்டத்தக்க ஒற்றை மரபணுவும் இதுவரை உறுதிப்படவில்லை என்பதை இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஹிஸ்டோனைத் தொடும் மருந்துகளும் உண்டாமே, அவை வேறா?
— வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: வேறு. ஹிஸ்டோன் புரதங்களின் வால் பகுதியில் லைசின் என்ற அமினோ அமிலம் நேர்மின் தன்மையோடு இருப்பதால், எதிர்மின் தன்மை கொண்ட டி.என்.ஏ. அதனோடு இறுகிக்கொள்கிறது. லைசின் மேல் அசிட்டைல் என்ற சிறு கூட்டம் ஒட்டினால் அந்த மின்தன்மை மறைந்து, பிடி தளர்ந்து, மரபணு படிக்க ஏற்றதாகிறது. அந்த அசிட்டைலை எடுத்துவிடும் நொதிகள்தான் எச்.டி.ஏ.சி.; மனிதரில் இவை 18. இவற்றைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் அசிட்டைல் தங்கிவிடும், இறுக்கம் குறையும்.

இம்மருந்துகள் வந்த வழி சுவையானது. 1971-ல் நியூயார்க்கில் சார்லட் ஃபிரெண்ட், எலியின் லுகேமியாச் செல்களை டி.எம்.எஸ்.ஓ. என்ற சாதாரணக் கரைப்பானில் சிறிதளவு சேர்த்து வளர்த்தபோது, அவை ஹீமோகுளோபினை உருவாக்கிச் சிவந்துபோனதைக் கண்டார். முதிராமல் பெருகிக்கொண்டிருந்த புற்றுநோய்ச் செல், முதிர்ந்த சிவப்பணுவின் வழியில் திரும்பியது. ஒரு கரைப்பான் இதைச் செய்யுமானால் அதைவிட வலுவான மூலக்கூறு ஏன் செய்யாது என்று பால் மார்க்ஸ், ரிச்சர்ட் ரிஃப்கைண்ட், வேதியியலாளர் ரொனால்ட் பிரெஸ்லோ ஆகியோர் ஆண்டுக்கணக்கில் தேடி உருவாக்கியதே வோரினோஸ்டாட். அது செல்லில் எதைப் பிடித்து வேலை செய்கிறது என்பது தெரியாமலேயே மூலக்கூறு உருவாகிவிட்டது, எச்.டி.ஏ.சி. நொதியின் உள்ளே இருக்கும் துத்தநாகத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பது 1990-களின் இறுதியில்தான் தெளிவாயிற்று. தோலில் தோன்றும் டி-செல் லிம்போமாவுக்கு 2006-ல் அது அனுமதி பெற்றது. அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் ஏறத்தாழ 30 விழுக்காட்டு நோயாளிகளுக்குப் பலன் கிடைத்தது.

எச்.டி.ஏ.சி. தடுப்பானைக் கொடுத்தால் மரபணுக்கள் எல்லாம் செயல் கூடும் என்று எண்ண வேண்டாம். மாறும் மரபணுக்களில் கூடுவனவும் உண்டு, ஏறக்குறைய அதே எண்ணிக்கையில் குறைவனவும் உண்டு. பிரிதலை நிறுத்தும் பி21 கூடுவது பல ஆய்வகங்களில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட ஒன்று. அத்துடன் இந்நொதிகள் ஹிஸ்டோனை மட்டும் அல்லாமல் பி53, டியூபுலின் போன்ற வேறு புரதங்களிலிருந்தும் அசிட்டைலை எடுப்பவை. ஆகவே இவற்றைத் தூய எபிஜெனெடிக் மருந்துகள் என்று சொல்வது தாராளமான பேச்சு. களைப்பு, வயிற்றுப்போக்கு, பிளேட்லெட் குறைவு ஆகியவை பொதுவான பக்கவிளைவுகள். சில மருந்துகளில் இதயத்துடிப்பின் ஒழுங்கையும் கவனிக்க வேண்டியிருக்கிறது. வலிப்பு நோய்க்கு நெடுங்காலமாகத் தரப்படும் வால்ப்ரோயிக் அமிலமும் இதே நொதியைத் தடுக்கிறது என்று 2001-ல் தெரியவந்தது. அதற்காக அதைப் புற்றுநோய் மருந்தாகக் கருதி யாரும் தாமே வாங்கிச் சாப்பிட வேண்டாம்.

கேள்வி: மஞ்சளில் உள்ள குர்குமின் இதே வேலையைச் செய்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. ஊசிக்குப் பதிலாகக் கொடுக்கலாமா?
— வாசகி ஒருவர், திருநெல்வேலி

பதில்: கொடுக்கக் கூடாது. செய்தியில் ஒரு சிறு உண்மை இருக்கிறது. ஹிஸ்டோனில் அசிட்டைலைச் சேர்க்கும் பி300 என்ற நொதியைக் குர்குமின் தடுக்கிறது என்று 2004-ல் பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் வெளியிட்டார்கள். அது சோதனைக்குழாயில் நடந்தது. வாய்வழியாக உட்கொள்ளும் குர்குமினில் மிகச் சிறு பகுதியே ரத்தத்தை அடைகிறது. அதையும் கல்லீரல் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகிறது. சோதனைக்குழாயில் பயன்படுத்திய செறிவு ரத்தத்தில் வருவதே இல்லை. குழம்பிலும் ரசத்திலும் போடும் மஞ்சளுக்குத் தடையில்லை. செறிவூட்டிய மாத்திரைகளாக உட்கொண்டு கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. பிளேட்லெட் குறைந்திருக்கும் நோயாளிக்கு இது கூடுதல் தொல்லை.

கேள்வி: மார்பகம், நுரையீரல், மூளை ஆகியவற்றில் வரும் கட்டிகளுக்கு இம்மருந்துகள் ஏன் வரவில்லை? வரும் காலத்தில் வருமா?
— வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: அசாசைடிடின் ஊசியாகப் போட்ட பிறகு ரத்தத்தில் அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 40 நிமிடங்கள்தான். கல்லீரலில் மிகுதியாக உள்ள சைடிடின் டீஅமினேஸ் என்ற நொதி அதை விரைவாகச் சிதைக்கிறது. எலும்பு மஜ்ஜையில் பிரிந்துகொண்டே இருக்கும் செல்களை அதற்குள் மருந்து எட்டிவிடும். கட்டியின் நடுவில் மெல்லப் பிரியும் செல்களுக்கு அந்த வாய்ப்புக் குறைவு. திடக்கட்டிகளில் இதுவரை நடந்த முயற்சிகள் இம்மருந்துக்கு அனுமதி பெற்றுத் தரவில்லை. மேற்சொன்ன நொதியைத் தடுக்கும் செடசூரிடினைச் சேர்த்து, டெசிடபினை மாத்திரையாகவே கொடுக்கும் முறைக்கு 2020-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதுவும் ரத்த நோய்களுக்கானதே.

வேறொரு வழியில் கதவு திறந்திருக்கிறது. எல்லாவற்றையும் பொதுவாகக் குலைக்காமல், குறிப்பிட்ட மரபணுக் கோளாறு உள்ள நோயில் அந்தக் கோளாற்றின் விளைவை மட்டும் குறிவைப்பது அவ்வழி. ஐ.டி.எச். என்ற மரபணு சிதைந்த செல்லில் 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் என்ற பொருள் அளவு மீறிச் சேர்கிறது. மெத்திலை அகற்ற உதவும் டெட்-2 நொதியை அது முடக்குவதால், செல் முதிர வழியின்றிப் பெருகுகிறது. அந்தச் சிதைந்த மரபணு உருவாக்கும் ஐ.டி.எச். நொதியைத் தடுத்தால் லுகேமியாச் செல்கள் சாவதற்கு முன் முதிர்கின்றன. அம்முதிர்ச்சி ஒரே நேரத்தில் பெருமளவில் நடந்தால் காய்ச்சல், மூச்சுத்திணறல், உடலில் நீர் தேங்குதல் ஆகியவையாக வெளிப்படும், உடனே கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும். தாங்கள் கேட்ட மூளைக்கட்டியிலும் இவ்வழி பலித்திருக்கிறது. ஐ.டி.எச். கோளாறு உள்ள மெதுவாக வளரும் கிளையோமாவில் வோராசிடெனிப் மாத்திரை, நோய் முற்றாமல் இருக்கும் இடைநிலைக் காலத்தை 11.1 மாதங்களிலிருந்து 27.7 மாதங்களாக நீட்டியது. 2024-ல் அமெரிக்காவில் அனுமதியும் பெற்றது.

ஹிஸ்டோனில் மெத்தில் சேர்க்கும் ஈ.இசட்.எச்.2 நொதியைத் தடுக்கும் டாசெமெடோஸ்டாட் 2020-ல் வந்தது. எபிதீலியாய்டு சார்கோமா என்ற அரிய திசுப் புற்றுநோயில் 62 பேரில் 15 விழுக்காட்டினருக்கே கட்டி சுருங்கியது. ஃபாலிகுலர் லிம்போமாவில் அதே நொதியின் மரபணு மாறியிருந்தவர்களில் 69 விழுக்காட்டினருக்குப் பலன் கிடைத்தது. மாறாதவர்களில் அது ஏறத்தாழ பாதியாக இருந்தது. மருந்தைப் பொதுவாகப் புகழ்வதைவிட, யாருக்கு என்று பார்த்துக் கொடுப்பதன் தேவையை இந்த இடைவெளியே சொல்கிறது. ரத்தப் புற்றுநோயிலும் இப்போது பெரும்பாலும் கூட்டுச் சிகிச்சைதான். கடுமையான கீமோதெரபியைத் தாங்க முடியாத லுகேமியா நோயாளிகளிடம் அசாசைடிடினோடு வெனிட்டோகிளாக்ஸ் என்ற மாத்திரையைச் சேர்த்தபோது, இடைநிலை ஆயுட்காலம் 9.6 மாதங்களிலிருந்து 14.7 மாதங்களாக உயர்ந்ததாக 2020-ல் ஆய்வு வெளியானது.

கேள்வி: இந்த மாற்றம் பிறக்கப்போகும் குழந்தைகளுக்கும் போகுமா?
— வாசகி ஒருவர், சேலம்

பதில்: எலும்பு மஜ்ஜையில் மெத்தில் குறைவது குழந்தைக்குப் போகாது. ஆனால் கருவின் வளர்ச்சியே மெத்தில் குறிகளை ஒழுங்காக எழுதுவதைப் பொறுத்தது என்பதால், சிகிச்சைக் காலத்தில் கருத்தரிப்பது ஆபத்து. அசாசைடிடின், டெசிடபின் ஆகியவற்றைப் பெறும் பெண்கள் கடைசி ஊசிக்குப் பின் 6 மாதங்கள் வரையிலும், ஆண்கள் 3 மாதங்கள் வரையிலும் கருத்தடை முறையைப் பின்பற்ற வேண்டும்.

கேள்வி: என் அம்மாவுக்கு அசாசைடிடின் போடும்போது செவிலியர் ஊசியை இரு உள்ளங்கைகளுக்கு இடையே வைத்து உருட்டுகிறார். மருந்து பால்போலக் கலங்கியிருக்கிறது. கெட்டுப்போன மருந்தோ என்று பயமாக இருக்கிறது.
— வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: பயம் வேண்டாம். தோலுக்கடியில் போடும் அசாசைடிடின் முழுமையாகக் கரையாமல் கலங்கலாகத்தான் இருக்கும். அசையாமல் வைத்தால் துகள்கள் அடியில் தங்கிவிடும், அப்போது முதலில் வெளிவருவதும் கடைசியில் வருவதும் ஒரே அளவு மருந்தாக இராது. அதைச் சீராக்கவே போடுவதற்குச் சற்று முன் வேகமாக உருட்டுகிறார்கள். நீரில் கலந்த கணத்திலிருந்தே மருந்து சிதையத் தொடங்குவதால், அறை வெப்பத்தில் வைத்திருந்தால் 45 நிமிடங்களுக்குள் போட்டுவிட வேண்டும். பிறகு போட வேண்டுமானால் கலந்தவுடன் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். 4 மில்லிலிட்டருக்கு மேல் வந்தால் இரண்டாகப் பிரித்து இரண்டு இடங்களில் போடுவார்கள். தொடை, வயிறு, மேற்கை என்று ஒவ்வொரு நாளும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். போட்ட இடம் சிவந்து தடிப்பது வழக்கம்தான். அந்தச் சிவப்பு பரவி, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.